‘தெரியவில்லை’ என்று ஒரு முத்திரை

நொய்யலில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் வந்ததே, ஆத்துப்பாலத்தில் ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தார்களே, அந்த வருஷம் ஆவணியில்தான் அந்த அம்மணி எங்கள் சர்ச் ஹாலுக்கு முதல்முதலாக வந்தார். தேதி எனக்குத் தெரியாது. நான் அங்கே வாட்ச்மேன். தண்ணீரைப் பார்க்கப் போய்விட்டு அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அதனால் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயராகி வீட்டில் இருக்கிறவர். நான் சொல்லாத எதையும் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அந்தப் பழக்கம் எனக்கு அந்த அம்மணியிடமிருந்து வந்தது. அவர் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. எந்தத் தாளிலும் தன் பேரைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறவர் அவர்.

அவர் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற செடிகொடி எது எது, எங்கே எங்கே இருக்கிறது என்று அடையாளம் கண்டு எழுதிவைக்கிற ஒரு திட்டம். அதற்குச் சம்பளம் வாங்காமல் வருகிற ஆட்களைப் பழக்கி வேலை வாங்குவது அவர் பொறுப்பு. சனிக்கிழமை ஹாலில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வெளியே போவார்கள். பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள், மில்லில் ரிட்டயரானவர்கள் வந்தார்கள், கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

முதல் நாள் கேட்டைத் திறந்ததும் அந்த அம்மணி ஹாலைப் பார்க்கவில்லை, நாற்காலி எத்தனை என்று கேட்கவில்லை. முந்தின நாள் நான் களை பிடுங்கிச் சுவரோரம் குவித்திருந்தேன். அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார்.

“ஏனுங்ணா, இது என்னதுங்க?”

“குப்பைமேனிங்க அம்மணி.”

“இது?”

“மூக்கரட்டைங்க.”

“இது?”

அது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் ஆடு மேய்த்தவன் நான், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“தெரிஞ்சு சொல்றீங்களா, ஏதாச்சும் சொல்லோணுமேன்னு சொல்றீங்களா?”

“சொல்லோணுமேன்னு சொன்னேனுங்க.”

“எனக்கும் தெரியலைங்ணா,” என்றார். அந்த ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தெரிந்ததையெல்லாம் குவியலில் திரும்பப் போட்டுவிட்டார்.

அவரிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. அதன் கதை இது. முதல் மாதம் ஆட்கள் கொண்டுவந்த தாள்களில் எல்லாச் செடிக்கும் பேர் எழுதியிருந்ததாம். ஒரு தாளில்கூட தெரியாது என்று இல்லையாம். அதைப் பார்த்துத் தனக்குப் பயம் வந்துவிட்டது என்று சொன்னார். அடுத்த சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் முத்திரை செய்கிற கடையிலிருந்து ஒன்று செய்து எடுத்து வந்தார். ‘தெரியவில்லை’ என்று அதில் இருக்கிறது என்று படித்துக் காட்டினார்கள். கூடவே ஊதா மசி ஊற்றிய தகரப் பெட்டி.

“எழுதறதுக்குத்தானுங்களே கூச்சமா இருக்குது. குத்தறதுக்கு என்னங்க கூச்சம்?” என்றார்.

பாய் எழுந்து, “மேடம், எங்க ஊட்லயும் இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. நான் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்கறா,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மணியும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் அந்த முத்திரையை அவர் விளையாட்டாக வைத்திருக்கவில்லை. சாயங்காலம் தாள்களை அடுக்கும்போது ஊதா முத்திரை விழுந்த தாள்களைத் தனியாக எடுத்து மேலே வைப்பார். அவைதான் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியவை என்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஒருவர் ஒரு செடியைப் பார்த்தேன் என்று எழுதினால் போதாது. இரண்டாவது ஆள் ஒருவர் அதே இடத்துக்குப் போய், தன் கண்ணால் பார்த்துவிட்டு, அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது கண் என்று அதற்குப் பேர். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன். ஒரு நாள் என்னையும் பேர் கொடுக்கச் சொன்னார்.

“நான் கைநாட்டுங்க அம்மணி.”

“செடியப் பாக்கறது கண்ணுதானுங்களே அண்ணா,” என்று அந்தத் தகரப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். ‘தெரியவில்லை’ முத்திரைக்கும் என் பெருவிரலுக்கும் ஒரே மசி.

அப்படித்தான் பாயும் நானும் ஜோடி சேர்ந்தோம். அவர் முதல் கண், நான் இரண்டாவது. அத்தர் விற்ற மனிதர், எந்தச் செடியையும் முதலில் மூக்கில் வைப்பார். “பாய், அது ஆட்டு மூத்திரம் பட்ட செடிங்க,” என்பேன். “தெரியுது காவக்காரரே. பழைய சரக்கு,” என்பார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் சட்டை மணக்கும். எனக்கு அந்த வயதில் கிடைத்த சினேகிதர் அவர் ஒருவர்தான்.

அந்த அம்மணியோடு வெளியே போவதில் ஒரு சங்கடம் உண்டு. பஸ் போயிருச்சுங்களா என்று யாராவது கேட்டால், “நாங்க வந்து கால்மணி நேரம் ஆகுதுங்க. அதுக்கு முன்னாடி போச்சான்னு தெரியலைங்க,” என்பார். கேட்டவர் இன்னொருவரிடம் போய்க் கேட்பார். பேக்கரியில் டீ வந்து, பாய் ஒரு வாய் குடித்துவிட்டு நல்லாருக்குதுங்களா மேடம் என்றால், “இன்னும் குடிக்கலைங்க பாய்,” என்பார். முதலில் இதை நான் கர்வம் என்றே நினைத்தேன். ஒரு சாதாரணப் பேச்சுக்கு ஆமாம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு தோட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நிற்கிற மண்பாதையில், இட்டேரி என்போம், அதில் ஒரு மைல் நடக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பழைய கிளுவை வேலி. தெற்கே ஓடை. தோட்டத்துக்காரர் வயதானவர். கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடச் சொல்லி மகன்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மனமில்லை. ஆனால் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை.

வகுப்பில் ஒரு கொடியின் படத்தை எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். பச்சைக் கயிறு மாதிரி இருக்கும், இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பூத்தால்தான் அடையாளம். அடியில் சின்ன உருண்டை, மேலே குழாய், உச்சியில் இதழ்கள் கூடி நின்று கூண்டு விளக்கு மாதிரி தெரியும். எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. அதைப் போலவே இலையில்லாமல் வேலியில் படர்கிற இன்னொன்று உண்டு, கொடிக்கள்ளி. அது எங்கும் கிடைக்கும். பூ இல்லாத நேரத்தில் இரண்டையும் பிரிக்க ஒரு வழிதான். நகத்தால் லேசாகக் கிள்ளினால் கொடிக்கள்ளியில் பால் வரும். மற்றதில் தண்ணீர் மாதிரி கசியும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயும் நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். இட்டேரியிலேயே எனக்கு வேல முள் ஏறிவிட்டது. செருப்பைத் துளைத்து ஏறின முள். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பாய் மட்டும் வேலியைச் சுற்றி வந்தார். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

“காவக்காரரே, கெடச்சிருச்சு.”

“எதுங்க பாய்?”

“கூண்டு வெளக்கு. ஒரே ஒரு பூ. எந்திரிங்க, பாத்துட்டு வந்தரலாம்.”

காலை ஊன்றிப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியாக வருகிற பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

“சரி, அடுத்த வாரம் வந்து பாத்துட்டு ரேகை வைங்க,” என்றார் பாய்.

அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஒரு மனிதன் தன் கண்ணால் பார்த்தேன் என்று வந்து நிற்கிறான், முகமெல்லாம் சந்தோஷம். நான் போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அவன் பேச்சில் எனக்குச் சந்தேகம் என்று ஆகாதா? எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்ய மாட்டோம். மரியாதை இல்லை.

“நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானுங்க பாய். குடுங்க தாள,” என்றேன். அந்த மரத்தடியிலேயே ரேகை வைத்தேன்.

பாய் போனில் எடுத்த படத்தை பஸ்ஸில் காட்டினார். பின்னால் இருந்த கிளுவை முள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. முன்னால் இருந்த கொடி புகை மாதிரி இருந்தது.

சனிக்கிழமை தாளை எடுத்துப் படித்த அந்த அம்மணி, “ரெண்டு பேரும் பாத்தீங்களா?” என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஹாலில் எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறு பாய் தானே போய்த் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். கிழவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எங்க வேலியில எங்கியும் இல்லாத செடி இருக்குதாம் என்று சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் சொன்னாராம். கம்பி வேலிக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அரிதான செடி எதுவானாலும் தானும் ஒருமுறை பார்க்காமல் அந்த அம்மணி விடமாட்டார். முழங்கால் வலியால் உடனே வர முடியவில்லை. தை பிறந்த பிறகு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். பாய் காட்டிய இடத்தில் பூ இல்லை. பச்சைக் கொடி இருந்தது. குனிந்து நகத்தால் கிள்ளினார். பால் வந்தது. இன்னும் நான்கு இடத்தில் கிள்ளினார். எல்லாம் பால். நொண்டிக்கொண்டே வேலியை நான்கு பக்கமும் சுற்றி வந்தார்.

“பாய், இந்த எடந்தானுங்களா?”

பாயின் முகம் வெளுத்துவிட்டது. “இங்கதானுங்க மேடம். இங்கதான்னு நெனைக்கறேன். பூ இருந்துச்சுங்க. நான் பாத்தேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணா, நீங்க பாத்தீங்களா?”

ஓடைக்கு அப்பால் எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. “இல்லீங்க அம்மணி,” என்றேன். பாய் இட்டேரிப் பக்கமாக மெதுவாக நடந்து போய்விட்டார்.

அந்த அம்மணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தோட்டத்து வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வழியை மறித்து நின்றேன்.

“அம்மணி, தப்பு எம்பட தப்பு. தாளக் கிழிச்சுப்போடுங்க. ஆனா அவுருகிட்ட சொல்லாதீங்க. நாம சும்மா இருந்தா வேலி தப்பிச்சுக்கும். கிளுவை பொழைக்கும், குருவி பொழைக்கும், ஓணான் பொழைக்கும்.”

“எனக்கும் ஆசையாத்தானுங்க இருக்குது,” என்றார். “ஆனா அவுரு நம்ம வார்த்தைய நம்பித்தானுங்களே வேலிய வெச்சிருக்கறாரு. நாளைக்கு அவுரு பையன் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து கிள்ளிப் பாத்தா? அப்பறம் இன்னொரு வேலிக்கு நாம போயி, இத வெச்சிருங்கன்னு எந்த வாயில கேக்கறது?”

தோட்டத்துக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “வாங்க அம்மணி. பூ மறுபடி பூத்துருச்சுங்களா?”

“இல்லீங்க. இருக்குதுன்னு நாங்க சொன்னது தப்புங்க. இன்னிக்கு நான் பாத்தது கொடிக்கள்ளிதானுங்க.”

“அப்ப நம்முது வெறும் வேலிதானுங்களா?”

“வெறும் வேலின்னு நான் சொல்லமாட்டேனுங்க. அந்தக் கொடிய நான் பாக்கலைன்னு மட்டுந்தான் சொல்றேன். வேலிய நீங்க வெச்சீங்கன்னா எனக்குச் சந்தோஷம். ஆனா நாங்க சொன்ன பொய்யி அதுக்குக் காரணமா இருக்கக் கூடாதுங்க.”

கிழவர் திரும்பிப் போய்க் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். நான் என் இளநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மணி உட்கார்ந்து முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

திரும்பி வந்ததும் என் ரேகை இருந்த தாள்களையெல்லாம் எடுத்துத் தனியாக வைத்தார். அது ஒரு கட்டு. எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

“மத்ததெல்லாம் நான் பாத்துத்தானுங்க வெச்சேன்,” என்றேன். எனக்கு அழுகை வந்தது.

“நம்பறேனுங்ணா. ஆனா இந்தத் தாளு எனக்குன்னு எழுதலைங்க. நம்ம ரெண்டு பேத்தையும் தெரியாத ஒருத்தரு எப்பவோ படிக்கறதுக்கு எழுதறோம். அவுரு உங்களப் பாத்து நம்ப முடியாதுங்களே.”

அந்தக் கோடை முழுக்க, அந்தக் கால்வலியோடு, பஸ் பஸ்ஸாக ஏறி அவரும் நானும் பாயும் ஒவ்வொரு இடமாகப் போனோம். பாய் என்னோடு பேசினார், ஆனால் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தண்டனை. சித்திரை வெயிலில் ஒரு நாள் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க அம்மணி, நீங்க எதுக்குங்க இப்பிடி? எல்லாரும் சித்த அக்கட்டால இக்கட்டால பேசித்தானுங்க பொழைக்கறோம்,” என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுக்கையில் இறந்துபோனவர். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருக்கிறார். விடிந்து விழித்துப் பார்த்தால் மூச்சு இல்லை. உயிர் போன நேரம் என்ன என்று ஒறம்பரை கேட்டார்கள். திதி பார்க்க வேண்டும், நட்சத்திரம் பார்க்க வேண்டும். அஞ்சே காலுக்கு முழிச்சேன், அப்ப இல்லை, எப்பப் போனார்னு தெரியலை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நேரத்தைச் சொல்லிப்போடு, எல்லாருக்கும் சவுகரியம் என்று அவர் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்.

“சொல்லலீங்களா?”

“நான் பாக்கலையேங்ணா,” என்றார். “பாத்திருக்கோணும். பாக்கல. அதையும் மறச்சுப்போட்டா அவருக்கு நான் என்னங்க மிச்சம் வெச்சிருக்கறேன்?”

பஸ் வந்தது. ஏறிவிட்டோம். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தத் தாள்கட்டின் கடைசித் தாளையும் பார்த்து முடித்த அன்று, தகரப் பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். “வைங்ணா,” என்றார். ரேகை வைக்கும்போது என் கை நடுங்கியது. பாய் எட்டிப் பார்த்து, “பாத்துங்க காவக்காரரே, நடுங்கினா ரெண்டு ஆள் வெச்ச மாதிரி விழுந்துரும்,” என்றார். அன்றைக்குத்தான் பழைய பாய் திரும்பக் கிடைத்தார்.

கிணத்துக்கடவுத் தாளை மட்டும் அந்த அம்மணி கிழிக்கவில்லை, கோடு போட்டு அடிக்கவும் இல்லை. ஊதா முத்திரையைக் குத்தி மேலே வைத்தார். “இல்லைன்னு சொல்றதுக்கும் பாக்கோணுமுங்களே. ஐப்பசியில மறுபடி போலாம்,” என்றார்.

அந்த ஐப்பசிக்கு அவருக்கு நடக்க முடியவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் ஊரடங்கு வந்து, ஹால் பூட்டி, வகுப்பு நின்றது. அந்த நாட்களில்தான் அவர் போனார். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. பத்துப் பேருக்கு மேல் விடவில்லை என்றார்கள். தாள்களெல்லாம் ஊருக்குள் ஒரு கல்லூரி அலமாரியில் இருப்பதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. பாய் இப்போது மகள் வீட்டோடு வெளியூரில் இருக்கிறார், கண்ணில் பார்வை போய்விட்டது.

தோட்டத்துக்காரரும் இல்லை. மகன்கள் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று பக்கம்தான். ஓடைப் பக்கம் கரை சரிவாக இருப்பதால் பொக்லைன் நிற்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள்.

போன ஐப்பசியில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பந்தியில் உட்காராமல் நடந்து அங்கே போனேன். ஓடைக்குள் இறங்கி, அந்த மிச்ச வேலியைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒற்றைப் பனைக்கு நேராக, கிளுவைக்குள், இலையில்லாத ஒரு பச்சைக் கொடி. அதில் இரண்டு பூ. அடியில் உருண்டை, மேலே குழாய், உச்சியில் கூண்டு. நகத்தால் கிள்ளினேன். தண்ணீர் மாதிரி கசிந்தது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை கிள்ளிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது பட்டன் போன், படம் எடுக்க முடியாது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

பாய் அன்றைக்குப் பார்த்தது இதையா, கொடிக்கள்ளியையா? முள் குத்திய காலோடு நான் எழுந்து போயிருந்தால் தெரிந்திருக்கும். இனிமேல் அது யாருக்கும் தெரியாது.

நான் பார்த்தது ஒரு கண்தான். அந்த அம்மணியின் சட்டப்படி அது இன்னும் தாளில் ஏறாது, ஏறவும் கூடாது. டீச்சரம்மா, நீங்களும் நான் சொன்னேன் என்பதற்காக அங்கே அது இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் கிழவன் பார்த்ததாகச் சொல்கிறான் என்று மட்டும் எழுதுங்கள். உங்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, எனக்கும் இனி முடியாது. கால் உள்ள யாரிடமாவது சொல்லுங்கள், அவர் போகாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, இட்டேரி முடிகிற இடத்தில் ஓடைக்குள் இறங்கி, ஒற்றைப் பனைக்கு நேராக, ஐப்பசி மழை விட்டதும். என்னை நம்பிப் போக வேண்டாம். போய்ப் பார்க்கட்டும். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பார்த்ததை அந்த ஊதா முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.